இறங்காதே என்று ஒப்பாரி வைத்தவள்

கிளைட்டன் அமைதிப்படையோடு ஆபிரிக்கா போகிறான் என்று மாம்புரியில் இரண்டு தரம் பிரியாவிடைச் சாப்பாடு போட்டாகிவிட்டது. இரண்டு தரமும் கோயிலில் அவனுக்காகப் பூசை. இரண்டு தரமும் பந்தல், வாடகைக் கதிரை, ஒலிபெருக்கி. இரண்டு தரமும் அவன் கழுத்தில் மாலையோடு நின்று வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்தான். இரண்டு தரமும் போகவில்லை. சாப்பிட்டவர்கள் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். சமைத்த டொறத்திதான் ஊரார் முகத்தில் முழிக்க வேண்டியிருந்தது.

டொறத்தி அவனுடைய தாய். கருவாடு காயப்போட்டு, மூட்டை கட்டி, பாலாவிச் சந்திக்குக் கொண்டுபோய் லொறிக்காரர்களோடு மல்லுக்கட்டி விற்கிறவள். சிலாபத்துப் பக்கத்தில் பிறந்து, மரியநாயகத்தைக் கட்டிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தாள். தமிழும் சிங்களமும் அவளுக்கு ஒரே மாதிரி வரும். இரண்டிலும் ஒரே வேகத்தில் திட்டுவாள். பெரிய வெள்ளிக்கிழமையில் ஆண்டவரின் பாடுகளுக்காகக் கோயிலில் ஒப்பாரி பாடும்போது முதல் குரல் அவளுடையது. அவள் குரலை எடுத்தால் அழ நினைக்காதவனும் மூக்கை உறிஞ்சுவான். மற்ற நாட்களில் அதே குரலைக் கேட்டால் நாய் கூட வேலி தாண்டிப் போய்விடும்.

அவளுக்கு வாழ்க்கையில் பட்ட எரிச்சல்களுக்கெல்லாம் வேர் மணலில்தான் இருக்கிறது என்று அவளே சொல்லுவாள். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. மணல் பாதையில் வண்டி புதைந்து நின்றால், பின்னால் வருகிறவன் இறங்க வேண்டும். தெரிந்தவனா, தெரியாதவனா, வேதக்காரனா, முஸ்லிமா என்ற கேள்வியே இல்லை. எல்லைத் தகராறில் ஆளுக்கு ஆள் வழக்குப் போட்டவர்கள் கூட இறங்கி, சக்கரத்துக்கு அடியில் தென்னை மட்டையைச் செருகி, சேர்ந்து தள்ளிவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் அவரவர் வண்டியில் ஏறிப் போவார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் மரியநாயகத்துக்கு அது வழக்கம் இல்லை, வியாதி.

கல்யாணத்தன்று கோயிலில் இருந்து வீட்டுக்கு வரும் வழியில் ஒரு மீன் லொறி புதைந்து கிடந்தது. மாப்பிள்ளை கோட்டைக் கழற்றிப் பொம்பிளையின் மடியில் போட்டுவிட்டு இறங்கினார். திரும்பி வரும்போது வெள்ளைச் சட்டை முழுக்கக் கிறீஸ். கல்யாணப் படத்தில் டொறத்தி முகத்தை ஏன் அப்படி வைத்திருக்கிறாள் என்று கேட்கிறவர்களுக்கு அவள் இன்றைக்கும் காரணம் சொல்லுவாள். அந்த மனிசன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து பல வருசம். வியாதி மட்டும் மகனுக்கு வந்துவிட்டது.

கிளைட்டன் இராணுவத்தில் சாரதி. கோப்ரல். லீவில் வரும்போது பாலாவியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் வீட்டுக்கு வந்து சேரப் பொழுதுபட்டுவிடும். வழியில் யாருக்காவது டயர் காற்றுப் போயிருக்கும், யாருடைய மாடாவது குழிக்குள் விழுந்திருக்கும். சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்து காத்திருந்து, டொறத்திக்கும் மருமகள் டயனாவுக்கும் அலுத்துவிட்டது.

அமைதிப்படைக்குப் போக வேண்டும் என்பது அவனுடைய பெரிய ஆசை. சண்டை நடக்கும் வெளிநாடுகளுக்கு நீலத் தொப்பியோடு போய், சனங்களுக்குக் காவல் நின்று, சாமான் லொறிகளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. அவனிடம் வாகனம் பழகிய பொடியன்கள் எல்லாம் போய்ப் பதக்கத்தோடு திரும்பிவிட்டார்கள். அவர்களை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவதும், திரும்பி வரும்போது ஏற்றி வருவதும் கிளைட்டன். பஸ்ஸில் அவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள். இவன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஓட்டுவான். அப்படி ஒரு பயணம் முடிந்து வீட்டுக்கு வந்த ஒருநாள், அவன் கிணற்றடியில் நெடுநேரம் சும்மா நின்றதை டொறத்தி குசினி ஜன்னலால் பார்த்தாள். அன்றைக்கே அவளுக்கும் அந்த ஆசை பிடித்துவிட்டது. இவன் போகத்தான் வேண்டும்.

முதல் தரம் போகாததற்கு அவன் பொறுப்பில்லை. அங்கே பாதையில் கண்ணிவெடி வைக்கிறார்கள், பழைய வாகனங்களோடு போனால் காணாது, புது வாகனம் வரும், அதற்குப் புதுப் பயிற்சியும் வரும், அதுவரைக்கும் பொறுங்கள் என்று மேலே சொல்லிவிட்டார்கள். சரி. பொறுத்தார்கள். புது வாகனமும் வந்தது. வெடி பட்டாலும் அதிர்ச்சி இரண்டு பக்கமும் சிதறிப் போகும்படி வள்ளத்தின் அடி மாதிரி வயிறு, நாலு விரல் தடிப்பில் கண்ணாடி, சுற்றிப் பார்க்கக் கமரா, வெளியே பேச ஒலிபெருக்கி, மேலே பறக்கவிட ஒரு ட்ரோன். கிளைட்டன் அதன் படத்தைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டினான். டொறத்தி இரண்டாம் தரம் பந்தல் போட்டாள்.

இரண்டாம் தரம் கெட்டது முழுக்க முழுக்க அவனால். புதுப் பயிற்சியின் முதல் சட்டமே, பாதையில் எதைக் கண்டாலும் வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது என்பதுதான். தூரத்தில் நிறுத்து. கமராவால் பார். ஒலிபெருக்கியால் பேசு. பின்னால் வரும் வெடி தேடும் ஆட்களுக்கு அறிவி. அவர்கள் மணலைக் குத்திப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் கதவைத் திற. கடைசிப் பரீட்சையில் ஒரு கிழவர் சைக்கிளோடு விழுந்து கிடந்தார். அது வெறும் நடிப்பு. கிளைட்டன் இறங்கினான். இறங்கியது மட்டுமா, கிழவரைத் தூக்கி நிறுத்தி, சைக்கிளையும் தூக்கி, வளைந்திருந்த ஹாண்டிலை முழங்காலுக்குள் வைத்து நேராக்கியும் கொடுத்தான். சைக்கிளுக்கு அடியில் பொய் வெடி இருந்தது. நடுவர் விசில் ஊதி, நீயும் செத்தாய், வாகனத்தில் இருந்தவர்களும் செத்தார்கள் என்று எழுதிவிட்டார்.

"ஹாண்டில் வளைஞ்சிருந்தது மம்மி," என்றான் வீட்டுக்கு வந்து.

"உன்ட தலையெழுத்தும்தான் வளைஞ்சிருக்கு, அத நேராக்கினியா?" என்று கேட்டாள் டொறத்தி.

ஊர் விடுமா? பக்கத்துத் தோட்டக்காரன் ஹாசிம், மிளகாயும் வெங்காயமும் போடுகிறவன், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தினமும் ஒன்று சொன்னான். "டொறத்தியக்கா, மௌத்தான மனிசன் கடையில பாண் வாங்கிட்டு ஈக்கிறார், கண்டீங்களா?" செத்தவன் பாண் வாங்குகிறானாம். டொறத்தி பதிலுக்கு அவனுடைய வெங்காயத்தைப் பழித்தாள். ஆனால் இராத்திரியில் டயனா சொன்னது அவளுக்குள் கிடந்து அறுத்தது. அடுத்த தொகுதிதான் கடைசி. அதற்குப் பிறகு கிளைட்டனுக்கு வயது கடந்துவிடும். பிறகு பஸ் ஓட்டலாம். மற்றவர்களை ஏற்றி இறக்கலாம்.

அந்தக் கடைசிப் பரீட்சை எங்கே நடக்க வேண்டும்? நாட்டில் எத்தனையோ இடம் இருக்க, மாம்புரியில். போகிற நாடு பாலைவனமாம், மணலில் ஓடிப் பழக வேண்டுமாம். காற்றாலைகளுக்கும் கடலுக்கும் நடுவே போகிற தென்னந்தோட்டப் பாதையை ஒரு மேஜர் வந்து பார்த்துவிட்டு, இதைவிட நல்ல மணல் கிடைக்காது என்று சந்தோசப்பட்டார். அந்த மணலில் வாழ்நாள் முழுக்கக் கால் புதைய நடந்த டொறத்திக்கு அதைக் கேட்கவே பற்றிக்கொண்டு வந்தது.

மேஜருக்கு நடிக்க ஆட்களும் தேவைப்பட்டார்கள். முன்பெல்லாம் சிப்பாய்களுக்கே சாரம் கட்டி ஊர்ச்சனமாக நிறுத்துவார்களாம். இப்போது எல்லாம் நிசம் மாதிரி இருக்க வேண்டுமாம். ஹாசிமின் லேண்ட்மாஸ்டரைக் கேட்டார்கள். இரண்டு சக்கர உழவு இயந்திரத்துக்குப் பின்னால் பெட்டி பூட்டிய வண்டி அது. பாதையோரம் குழி வெட்டி, பெட்டியின் ஒரு சக்கரத்தை அதற்குள் இறக்கி, புதைந்து சரிந்த மாதிரித் தெரிய ஒரு பக்கம் தென்னங்குற்றி முட்டுக் கொடுத்தார்கள்.

"நல்லா ஓடுற வண்டியக் கொண்டுபோய்ப் புதைக்கிறானுகள். நாங்க இவ்வளவு காலமும் புதைஞ்ச வண்டிய எடுத்துத்தான் பழக்கம்," என்று ஹாசிம் தலையில் கை வைத்தான்.

வண்டியோடு ஒரு பெண்ணும் வேண்டும், பக்கத்தில் இருந்து அழ வேண்டும், சிப்பாய்களைக் கீழே இறங்க வைக்கிற மாதிரி அழ வேண்டும் என்றார்கள். ஹாசிம் ஒரு நொடியும் யோசிக்காமல் டொறத்தியின் வீட்டைக் கை காட்டினான்.

டொறத்தி முதலில் மாட்டேன் என்றுதான் வாய் திறந்தாள். திறந்த வாயை மூடினாள். கிளைட்டன் பயிற்சி முகாமில் இருந்தான். தொலைபேசியெல்லாம் வாங்கி வைத்துவிட்டார்கள், ஒன்றும் சொல்ல வழியில்லை. இந்தப் பாதையில் வேறு யாராவது ஒருத்தி இருந்து அழுதால், அவன் இறங்குவான். வண்டி நிற்கும் முன்னமே இறங்கிவிடுவான். அவனைக் கதிரையில் இருத்தி வைக்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். பெயரைக் கேட்டபோது டொறத்தி பெர்னாண்டோ என்றாள். அந்தக் கரையில் பெர்னாண்டோ அல்லாதவரைத் தேடினால்தான் கண்டுபிடிக்கக் கஸ்டம். மேஜர் ஒன்றும் கேட்கவில்லை, கிளைட்டனின் தாய் என்று அவளும் சொல்லவில்லை.

"அம்மே, நீங்கள் தமிழில் மட்டும் பேச வேண்டும்," என்றார் மேஜர் சிங்களத்தில். "அங்கே போனால் பாசை விளங்காது. பொடியன்கள் கொஞ்சம் கஸ்டப்படட்டும்."

"ஓம்," என்றாள் டொறத்தி, நல்ல பிள்ளை மாதிரி.

பரீட்சை நாளன்று வெயில் ஏறும் முன்பே அவளை அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இருத்தினார்கள். கையில் வெள்ளைப் பட்டி கட்டிய நடுவர் ஒருவர் குடையும் இல்லாமல் சற்றுத் தள்ளி நின்றார். ஊர்ச்சனம் அவரை அம்பயர் என்றுதான் கூப்பிட்டது.

முதல் வாகனம் வந்தது. டொறத்தி பெரிய வெள்ளிக்கிழமைக் குரலை எடுத்தாள். வண்டி போச்சே, வழி போச்சே, பிள்ளைகள் பசியில் கிடக்குதே என்று மார்பில் அடித்துக்கொண்டு அவள் இரண்டு அடி பாடுவதற்குள் கதவு திறந்துவிட்டது. மாத்தறைப் பக்கத்துப் பொடியன் ஒருவன், ஒரு சொல் தமிழ் தெரியாதவன், கண் கலங்கிப்போய் ஓடி வந்து பெட்டியில் கை வைத்தான். விசில். எல்லாரும் செத்தார்கள். இரண்டாவது வாகனம் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. கமராவைத் திருப்பினார்கள், ஒலிபெருக்கியில் என்னவோ கேட்டார்கள். டொறத்தி குரலை ஒரு படி ஏற்றினாள். அவர்களும் இறங்கினார்கள், அவர்களும் செத்தார்கள். செத்தவர்களைத் தென்னை நிழலில் இருத்தி, ஹாசிம் தோடம்பழச் சாறு கரைத்துக் கொடுத்தான். செத்தவர்கள் சந்தோசமாகக் குடித்தார்கள்.

டொறத்திக்குப் பாவமாகவும் இருந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே பயமாக இருந்தது. தெரியாத பிள்ளைகளே இப்படி விழுகிறார்கள் என்றால், அந்த மரியநாயகத்தின் மகன் என்ன செய்வான்?

அம்பயரின் கையில் இருந்த வானொலி கரகரத்தது. அடுத்த வாகனம், சாரதி கோப்ரல் கிளைட்டன்.

வாகனம் தென்னைகளுக்கு நடுவே தலை காட்டியதும் டொறத்தி எழும்பி நின்று, இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி, ஒப்பாரியை ஆரம்பித்தாள். ராகம் அதே ராகம். அழுகை அதே அழுகை. சொல்தான் வேறு.

"இறங்காதே என் மகனே... இருந்த இடம் விட்டிறங்காதே... கதவத் தொடாதே என் செல்வமே... கால வெளிய வைக்காதே... சைக்கிளுக்குச் செத்தது போதாதா... மம்மியின்ட மானத்த வாங்காதே..."

வாகனம் நின்றது. தூரத்தில், சட்டம் சொல்லும் தூரத்தில். கண்ணாடி தடிப்பு, உள்ளே இருக்கும் முகம் நிழலாகத்தான் தெரிந்தது. அந்த நிழல் ஒரு தரம் முன்னால் குனிந்து பார்த்தது. கண்டுவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அப்பன் இறங்கினது போதும்... நீயும் இறங்கி என்னச் சாகடிக்காதே... கையக் கட்டிக்கொண்டிரு... குரங்குப் பிள்ளையே, கையக் கட்டிக்கொண்டிரு..."

அம்பயருக்குத் தமிழ் தெரியாது. அவர் உருகிப்போய் நின்றார். தென்னையடியில் ஹாசிம் தோடைச் சட்டியை வைத்துவிட்டு, தோளில் கிடந்த துவாயை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கினான். வெளியே நின்றவர்களில் தமிழ் விளங்கிய ஒரே ஆள் அவன்தானே.

ட்ரோன் எழும்பி வந்தது. அவள் தலைக்கு மேலே நின்று, குளவி மாதிரி இரைந்துகொண்டு, மணலையெல்லாம் கிளப்பி அவள் வாய்க்குள் போட்டது. துப்பினாள். துப்பிவிட்டுப் பாடினாள். வாகனத்தின் கமரா மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தது, பெட்டியைப் பார்த்தது, சக்கரத்தைப் பார்த்தது, திரும்பவும் அவளைப் பார்த்தது. கதவு திறக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. இவ்வளவு நேரம் கிளைட்டன் ஓரிடத்தில் சும்மா இருந்ததே இல்லை, கோயிலில் கூட இருந்ததில்லை. இருக்கிறான்! டொறத்திக்கு உற்சாகம் தலைக்கேறியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பெட்டியின் ஓரத்தில் சாய்ந்து, பலகையில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டு பாடினாள்.

அந்த அடியில் முட்டுக் கொடுத்த தென்னங்குற்றி வழுக்கியது. பெட்டி ஒரு முனகலோடு சரிந்து இறங்கியது. டொறத்தியின் வலது பாதம் அதற்கு அடியில் போய்விட்டது.

முதலில் வலி தெரியவில்லை. காலை இழுத்தாள், வரவில்லை. பெட்டி இன்னும் கொஞ்சம் இறங்கியது. பிறகு வலி தெரிந்தது. ராகம் விட்டுப்போனது, சொல் விட்டுப்போனது, பரீட்சை, பந்தல், மானம் எல்லாம் விட்டுப்போனது.

"மகன்! கால்! என்ட கால் மகன்!"

அம்பயர் தலையை ஆட்டிக்கொண்டு எதையோ எழுதினார். அவ்வளவு நல்ல நடிப்பு.

"டேய்! பொய் இல்லடா! உண்மையா! ஓடி வா மகன்!"

நிழல் அசைந்தது. அவள் அதைக் கண்டாள். இப்போது இறங்குவான். இரண்டு எட்டில் வந்துவிடுவான். தகப்பனைப் போல் தோளைக் கொடுத்துப் பெட்டியைத் தூக்குவான். பரீட்சை போகட்டும், நாசமாய்ப் போகட்டும். அவள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒலிபெருக்கி உயிர் பெற்றது.

"அம்மா, நீங்க இருக்கிற இடத்திலேயே இருங்க. அசைய வேணாம். உதவிக்கு அறிவிச்சிருக்கிறம். கொஞ்ச நேரத்தில ஆட்கள் வருவாங்க."

அவனுடைய குரல்தான். பிறந்த நாள் தொட்டு அவளை மம்மி என்று கூப்பிட்ட பிள்ளை, வழியில் போகிற யாரோ ஒருத்தியைக் கூப்பிடுகிற மாதிரி, நிறுத்தி நிதானமாக, அம்மா என்றான். கதவு திறக்கவில்லை. அந்தப் பெரிய வாகனம் வெயிலில் மினுங்கிக்கொண்டு அப்படியே நின்றது.

தூரத்தில் இருந்து வெடி தேடுகிறவர்கள் வரிசையாக வந்தார்கள். நீண்ட கம்பியால் மணலைக் குத்தி, ஒரு அடி வைத்து, திரும்பவும் குத்தி, இன்னொரு அடி வைத்து. அவர்களுடைய வேகத்துக்கு அவள் காலை எடுக்க மாலை ஆகிவிடும்.

நடப்பது நடிப்பில்லை என்று விளங்கியது ஹாசிமுக்குத்தான். "யா அல்லாஹ், அக்காட கால் உண்மையா மாட்டீக்கி!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான். அவன் என்ன சொன்னான் என்று விளங்காவிட்டாலும், அவன் ஓடிய விதத்தைக் கண்டு தென்னையடியில் இருந்த செத்தவர்கள் அத்தனை பேரும் எழும்பி ஓடி வந்தார்கள். மாத்தறைப் பொடியன் முன்னால். பெட்டியைச் சுற்றிப் பிடித்து, ஒரே மூச்சில் தூக்கி, அவளை இழுத்து எடுத்தார்கள்.

அம்பயர் விசில் ஊதினார். செத்தவர்கள் எழும்பக் கூடாதாம். இது சட்டத்தில் இல்லையாம்.

டொறத்தி அதுவரைக்கும் தமிழில் மட்டும்தான் பேச வேண்டும் என்ற வாக்கைக் காப்பாற்றியிருந்தாள். இப்போது சிங்களத்தில் வாயைத் திறந்தாள். சிலாபத்துச் சந்தையில் கூடக் கேட்டிராத சொற்களெல்லாம் வந்தன. அம்பயர் விசிலை வாயில் இருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

முகாமில் இருந்து வந்த மருத்துவச் சிப்பாய் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எலும்புக்கு ஒன்றும் இல்லை, தசைதான் நசுங்கியிருக்கிறது என்றார். ஹாசிம் எங்கிருந்தோ ஒரு மீன் ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து அவள் காலை அதற்குள் வைத்தான். மேஜர் வந்து பக்கத்தில் குந்தி இருந்து, மன்னிப்புக் கேட்டார், நன்றியும் சொன்னார். அன்று வந்த வாகனங்களில் ஒன்றுதான் சரியாகச் செய்தது என்றார். உண்மையாகவே ஒரு பெண் மாட்டிக்கொண்டு கத்தும்போது கூட அந்தச் சாரதி சட்டத்தை விடவில்லை. புது வாகனம் வாங்கிவிடலாம் அம்மே, இப்படி ஒரு ஆளை உண்டாக்குவதுதான் கஸ்டம் என்றார். அவன் கட்டாயம் போகிறான்.

மூன்று வருசமாக அவள் கேட்க ஏங்கிய சொல் அது. கேட்டாள். ஓம் என்றாள். ஐஸ் பெட்டிக்குள் கால் விறைத்துக்கொண்டு வந்தது, நெஞ்சும் அப்படித்தான்.

பரீட்சை முடிந்து சாரதிகளை இறங்க விட்டதும் கிளைட்டன் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். வந்தவன் பக்கத்தில் வராமல், அடி வாங்கப் போகும் பிள்ளையைப் போலச் சற்றுத் தள்ளியே நின்றான்.

"மம்மி, நோகுதா?"

"இப்ப மம்மியா? அப்ப ஆர் அந்த அம்மா?"

"மைக்கில அப்பிடித்தான் சொல்லோணும்."

"ஏன்டா இறங்கல்ல?"

"நீங்கதானே இறங்காத எண்டு பாடினீங்க."

"பாடினன். பிறகு கூப்பிட்டன். கூப்பிட்டது கேக்கல்லியா?"

கிளைட்டன் தலைக்கவசத்தைப் பார்த்தபடியே, "கேட்டது," என்றான். "பொய் இல்ல எண்டும் தெரிஞ்சது. அங்கயும் உண்மையாத்தான் கத்துவாங்களாம் மம்மி. உண்மையாக் கத்துற மனிசருக்குக் கீழதான் வெடிய வைப்பானுகளாம். இறங்கினா அவங்களும் சாவாங்களாம், நாங்களும் சாவமாம். அதைத்தான் இவ்வளவு நாளும் படிச்சுத் தந்தாங்க."

அது நியாயமான கதைதான். டொறத்திக்கு விளங்கியது. விளங்கியதனால் எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. அவன் போய் நிற்கப்போகும் அந்தப் பாலைவனத்தில், பெட்டிக்கு அடியில் கால் மாட்டிய யாரோ ஒருத்தி, விளங்காத பாசையில் மகனே என்று கத்துவாள். இவன் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருப்பான். இதற்காகத்தான் அவள் பூசை ஒப்புக்கொடுத்தாள்.

"உனக்கு இறங்கோணும் எண்டே வரல்லியா?"

அவன் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். கண் சிவந்து போயிருந்தது.

"கதவில கைய வச்சிட்டன் மம்மி," என்றான். "பிறகு எடுத்திட்டன்."

கை வைத்ததற்குத் திட்டுவதா, எடுத்ததற்குத் திட்டுவதா என்று டொறத்திக்குப் பிடிபடவில்லை. அவனைக் கிட்ட வரச்சொல்லி, சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, இரண்டுக்கும் சேர்த்துத் திட்ட ஆரம்பித்தாள்.